பாட்டுக்குப் பின்னே வந்த கருவி

மஸ்கெலிய ஓயாவும் கெசல்கமு ஓயாவும் மலைகளில் தனித்தனியே அலைந்து, பொல்பிட்டியப் பகுதியில் ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. கடலைச் சேருமுன் அந்த நீரிடம் மனிதன் பலமுறை வேலை வாங்கிவிடுகிறான். லக்சபானவில் விழும் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918-இலேயே எழுதிக் காட்டினார்; அது நிறைவேற 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொல்பிட்டிய மின்நிலையம் 75 மெகாவாட் திறனோடு 1969-இல் வந்தது. இந்தச் சரிவில் பிறந்த மின்சாரத்தால் தலைநகரத்து வீதிகள் ஒளிர்ந்தன. அதே சரிவில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பலவற்றில் அதன் பிறகும் நெடுங்காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது. இன்று அந்த லயங்களின் பிள்ளைகள் மடிகணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய எந்த மொனிட்டர் நல்லது, எந்த ஓடியோ இன்டர்பேஸ் நல்லது என்று கேட்கிறார்கள். கடைக்காரர் அதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். ஆனால் இந்தக் கேள்வி இந்த மலைக்கு ஏறிவர இருநூறு ஆண்டு பிடித்திருக்கிறது. அந்த வழியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் தேடினால், வாங்கும் பொருளும் சரியாக அமையும், வாங்குவதன் நோக்கமும் தெளியும்.

மலையகத் தமிழரான நம் வருகையின் தொடக்கமாக நாம் நினைவுகூரும் ஆண்டு 1823. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்கள் கையில் கொண்டுவந்தது மிகக் கொஞ்சம்; நெஞ்சில் கொண்டுவந்தது மிக அதிகம். தாலாட்டும் தெம்மாங்கும் கும்மியும் ஒப்பாரியும் அவர்களோடு மலையேறின. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் கோப்பிக் காட்டுக்கு நடுவே புதுக் களம் கண்டன. ஊரில் சாமிக்கும் சாவுக்கும் ஒலித்த தப்பு, இங்கே விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு அணிவகுக்க, ஆள் எழுப்பும் வேலையையும் சேர்த்துச் சுமந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பயிர் மாறியது, பாட்டு மாறவில்லை. கங்காணியின் கெடுபிடியும் துரையின் அதிகாரமும் அட்டைக்கடியும் பழைய மெட்டுகளுக்குள் புதுச் சொற்களாக நுழைந்துகொண்டன. எடிசன் குரலைப் பதியும் கருவியை உருவாக்கியது 1877-இல். அதாவது, இந்த மலையில் தேயிலை வேர்பிடித்த காலமும் மனிதக் குரல் கருவிக்குள் அகப்பட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் அந்த இரண்டும் நெடுங்காலம் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

1902-இல் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். அதற்குப் பின் இசைத்தட்டு வணிகம் இந்தியா முழுவதும் பரவியது. அந்தக் கருவியில் மின்சாரம் கிடையாது. பெரிய ஊதுகுழலின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். உரத்த குரல் பதிந்தது, மெல்லிய குரல் நழுவியது. ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடும். மணிக்கணக்காக விரியும் ராக ஆலாபனை அந்த அளவுக்குச் சுருங்கியது. 1925-இல் மின் ஒலிவாங்கி வந்ததும் மென்குரலுக்கும் இடம் கிடைத்தது. பாடும் முறையே மாறியது. கருவி ஒவ்வொன்றும் பாட்டுக்குத் தன் நிபந்தனையை விதித்தது. எந்தப் பாட்டு பதிவுக்குத் தகுந்தது, எந்தப் பாட்டுக்கு விலை கிடைக்கும் என்பதைக் கருவி வைத்திருந்தவர்களே தீர்மானித்தார்கள். இரவு முழுவதும் நடக்கும் காமன் கூத்து மூன்று நிமிடத் தட்டுக்குள் அடங்காது. கொழுந்துக் கூடையைச் சுமந்தபடி பாடும் பெண்ணின் குரலுக்குச் சந்தை இல்லை. ஆகவே ஊதுகுழல் நம் பக்கம் திரும்பவே இல்லை.

இழந்தவற்றுள் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்ப்போம். ஹட்டனை மையமாகக் கொண்டு 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கான முதல் தொழிற்சங்கத்தைக் கட்டிய கோ. நடேசையரின் மனைவி மீனாட்சி அம்மாள், கூட்டங்களில் பாட்டுப் பாடியே மக்களைத் திரட்டினார். பேச்சுக்கு முன்னே பாட்டு போய் நெஞ்சைத் திறந்தது. அவருடைய பாட்டுகள் சிறு நூலாக அச்சேறின. சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அந்தக் குரல் எந்தச் சுருதியில் எழுந்தது, எந்த இடத்தில் கூட்டம் சேர்ந்து பாடியது என்பதைச் சொல்ல இன்று யாருமில்லை. மடகும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, லயம் லயமாகக் கேட்டுத் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களை நமக்கு விட்டுச் சென்றார். அவர் செய்தது பெருந்தொண்டு. ஆனாலும் ஏட்டில் எழுதிய பாட்டிலிருந்து மூச்சும் இழுப்பும் குழைவும் கழிந்துவிடுகின்றன. கிராமபோன் கல்கத்தாவுக்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் இந்தப் பெருங்குரலைப் பதிந்துவைக்க ஒரு கருவி வாய்க்காமல் போனதை நம் வரலாற்றின் மௌனமான இழப்புகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

கொழும்பில் 1925-இல் வானொலி தொடங்கியது. 1949-இல் அது இலங்கை வானொலி என்ற பெயரோடு வளர்ந்தது. அதன் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டுக் கிராமங்களும் காத்திருந்து கேட்டன. டிரான்சிஸ்டர் பெட்டி வந்தபின் லயத்துத் திண்ணைகளிலும் அது பாடியது. அந்தப் பாட்டுகள் நம் வாழ்வுக்கு இன்பம் சேர்த்ததை மறுக்க முடியாது. ஆனால் ஒலி ஒரு திசையில்தான் பயணம் செய்தது. நாம் கேட்கும் மக்களானோம், கேட்கப்படும் மக்களாகவில்லை. 1948-இன் குடியுரிமைச் சட்டம் நாட்டின் கணக்கிலிருந்து நம்மை நீக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. தலைமன்னார்க் கப்பலில் ஏறியவர்களோடு கூத்து வாத்தியார்களும் தப்படிப்பவர்களும் ஒப்பாரி பாடும் பாட்டிகளும் போனார்கள். நீலகிரியின் கூடலூரிலும் பிற இடங்களிலும் மீண்டும் தேயிலைக்கு நடுவே அவர்கள் குடியேறினார்கள். சில மெட்டுகள் அங்கே தங்கின, பல வழியில் கலைந்தன. கெசட் பதிவுக் கருவி எளியவர் கைக்கு எட்டியபோது கலியாணமும் கோயில் திருவிழாவும் ஓரளவு பதிவாகின. ஆனால் இந்த மலையின் ஈரம் காந்த நாடாவுக்குப் பகை. அலமாரிகளில் பூஞ்சை பிடித்துப்போன அந்த நாடாக்களில் என்ன இருந்தது என்பது பல வீடுகளில் மறந்தே போயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்த் திரையிசையில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. சென்னையின் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில், வாத்தியக்காரர்கள் ஒரே நேரத்தில் அமர்ந்து வாசிக்க, பாட்டுகள் பிறந்துகொண்டிருந்த காலம் அது. 1983-இல் மின்னணு வாத்தியங்களையும் கணினியையும் ஒரே மொழியில் பேசவைக்கும் மிடி முறை வந்தது. 1989-இல் ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற சிறு கூடத்தைக் கட்டினார். முதலில் விளம்பர இசை. பிறகு 1992-இல் ரோஜா. இரவெல்லாம் திருத்தித் திருத்திச் செய்யும் பொறுமைக்கு வாடகைக் கூடம் இடம் கொடுக்காது. வீடு இடம் கொடுக்கும் என்பதை அந்தக் கூடம் நிரூபித்தது. அன்று அது செலவும் துணிவும் வேண்டிய முயற்சி. அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தக் கூடத்தின் வேலைகளில் பெரும்பகுதியை ஒரு மடிகணினியும் கையகலப் பெட்டியும் இரண்டு ஒலிபெருக்கிகளும் செய்யத் தொடங்கிவிட்டன. பொல்பிட்டியப் பிள்ளையின் கேள்வி அந்தக் கொல்லைப்புறத்திலிருந்து நீண்டுவரும் கிளை.

இனி மொனிட்டருக்கு வருவோம். பாட்டை இனிமையாக்கிக் காட்டும் வீட்டு ஒலிபெருக்கிக்கும், பதிவில் உள்ளதை உள்ளபடி சொல்லும் மொனிட்டருக்கும் வேலை வேறு. இதற்கு யமஹா என்.எஸ்.10 சிறந்த சான்று. 1978-இல் வீட்டில் கேட்பதற்கென்று விற்பனைக்கு வந்த அது அங்கே வரவேற்புப் பெறவில்லை. ஆனால் ஒலிப்பொறியாளர்கள் அதைக் கூடங்களுக்குக் கொண்டுபோனார்கள். நடுச்சுருதிகளை முன்னே தள்ளி, குரலின் குறைகளை மறைக்காமல் காட்டியது அதன் குணம். அதில் நன்றாகக் கேட்பது எதிலும் நன்றாகக் கேட்கும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. அதன் கூம்புக்கு வேண்டிய மரக்கூழ் கிடைப்பது அரிதானபோது 2001-இல் உற்பத்தி நின்றது. ஒலிப்பொறியாளர்கள் அதன் பக்கத்திலேயே ஆரட்டோன் என்ற சிறு பெட்டியையும் வைத்திருந்தார்கள். எளிய வானொலியிலும் காரிலும் கேட்பவருக்குப் பாட்டு எப்படிப் போய்ச் சேரும் என்று அறிவதற்காக. நம் லயத்துத் திண்ணையின் டிரான்சிஸ்டரைப் போன்ற பெட்டிகளை நினைத்தே உலகின் பெரிய கூடங்களில் பாட்டுகள் சரிபார்க்கப்பட்டன. இன்று அந்த இடத்தில் கைப்பேசி இருக்கிறது. மொனிட்டரில் சரிசெய்த பாட்டைக் கைப்பேசியில் ஒருமுறை கேட்டுப் பார்க்கும் பழக்கம் அந்த மரபின் தொடர்ச்சி.

நம் அறைகள் சிறியவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான லயக் காம்பராவில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி முட்டித் திரும்பும்போது 47 ஹெர்ட்ஸ், 56 ஹெர்ட்ஸ் அளவிலான அடிநாதங்கள் ஓரிடத்தில் வீங்கி, ஓரிடத்தில் காணாமல் போகும். இது அறையின் நீள அகலத்தால் வரும் விளைவு. விலையுயர்ந்த பெட்டியால் இதை வெல்ல முடியாது. எட்டு அங்குல மொனிட்டர் இங்கே அறையின் குழப்பத்தைப் பெருக்கும். ஐந்து அங்குலம் போதும். யமஹா எச்.எஸ்.5, ஜேபிஎல் 305 ஆகியவற்றில் காற்றுத் துளை பின்புறம் இருப்பதால் அவற்றைச் சுவரைவிட்டு விலக்கி வைக்க வேண்டும், கே.ஆர்.கே. ரோக்கிட்டில் அது முன்புறம் என்பதால் நெருக்கமான இடத்துக்குச் சற்று இணங்கும். சுவரருகே வைப்பதால் பெருகும் அடிநாதத்தைக் குறைக்கும் விசை முன்னிரண்டிலும் உண்டு. இரு பெட்டிகளும் கேட்பவரின் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். உயர்நாதம் வரும் சிறு கூம்பு காதின் உயரத்தில் இருக்கட்டும். மூலைகளில் மெத்தையையும் மடித்த கம்பளிகளையும் அடுக்குங்கள். மலையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைப் பல மடிப்பாகச் சுவரிலிருந்து சற்று விலக்கித் தொங்கவிட்டால் எதிரொலி தணியும். அதற்குமேல் அறை தரும் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு நல்ல ஹெட்போன் உதவும். வட்டவளை, கினிகத்தேனைச் சுற்றிய இந்த மேற்குச் சரிவு இலங்கையிலேயே மழை மிகுந்த பகுதி. தகரக் கூரையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது எந்தக் கருவியும் உதவாது. மழை ஓயும் நேரம் பார்த்துப் பதிவதும், வாயருகே வைத்துப் பாடத்தக்க டைனமிக் ஒலிவாங்கியைத் தேர்வதும் நம் மலைக்கு ஏற்ற அறிவு.

ஓடியோ இன்டர்பேஸ் என்பது ஒலிவாங்கியின் மெல்லிய மின்னலையை வலுப்படுத்தி, கணினிக்குப் புரியும் எண்களாக்கி, மீண்டும் அவற்றை ஒலியாக்கித் தரும் பெட்டி. தனியாகப் பாடுபவருக்கு இரண்டு உள்ளீடு போதும். குரலும் தப்பும் தனித்தனியே பதியும். கொண்டென்சர் ஒலிவாங்கிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்னூட்டம் அதில் இருக்க வேண்டும். நெருப்பில் காய்ச்சி முறுக்கிய தப்பின் அடி திடீரென்று பாயும். அளவை உச்சத்துக்கு ஏற்றாமல், உச்ச அடி கழித்தல் 12 டெசிபெல் அருகே நிற்குமாறு பதியுங்கள். 24 பிட் பதிவில் அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. பாடுபவரின் குரல் கணினிக்குள் போய் அவர் காதுக்குத் திரும்ப ஆகும் தாமதம் பத்து மில்லிசெக்கன்டுக்குள் இருந்தால் கலக்கம் வராது. காற்றில் ஒலி அவ்வளவு நேரத்தில் கடக்கும் தூரம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர், கூத்துக் களத்தில் பாடுபவருக்கும் தப்படிப்பவருக்கும் இடையே இருக்கும் தூரம். போகஸ்ரைட் ஸ்கார்லெட், மோட்டு எம்2 போன்ற சிறு பெட்டிகள் இத்தகுதிகளைப் பெரும்பாலும் நிறைவேற்றுகின்றன. கணினியின் யூ.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் பெறும் பெட்டியாக இருப்பது நல்லது. 2022 மார்ச் முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. மடிகணினியின் மின்கலத்தில் ஓடும் கருவிக்கு அத்தகைய நாளிலும் வேலை உண்டு.

பழையவற்றைப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் கேட்பார்கள்: இது எத்தனை காலம் நிற்கும்? மெழுகு உருளை போயிற்று, அரக்குத் தட்டு உடைந்தது, 1987-இல் பெருமையோடு வந்த டாட் எனும் எண்முறை ஒலிநாடாவை இயக்க இன்று கருவி கிடைப்பது அரிது. ஒரு காலத்தில் கூடங்களின் நம்பிக்கையாயிருந்த ஃபயர்வயர் இன்டர்பேஸ்கள், கணினிகளிலிருந்து அந்தத் துளையே மறைந்தபோது நல்ல நிலையிலேயே பயனற்றுப் போயின. ஆகவே உற்பத்தியாளரின் தனி மென்பொருள் இல்லாமலே எந்தக் கணினியும் அடையாளம் காணும் பொதுமுறைப் பெட்டியையே தேருங்கள். நிறுவனம் கைவிட்டாலும் அது இயங்கும். பதிவை எம்.பி.3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். உலக ஒலி ஆவணக் காப்பாளர்கள் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு அது. இரு தட ஒலியில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட் ஆகும். இன்றைய வன்தட்டில் அது சிறிய இடம். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பிரதி இருக்கட்டும். 2005-இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து, மலையக ஆவணங்களை இணையத்தில் காத்துவருகிறது. பாடியவரின் இசைவோடு அத்தகைய காப்பகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். பாடியவர் பெயர், தோட்டம், பிரிவு, நாள், யாரிடம் கற்றார் என்ற குறிப்பு இல்லாத பதிவு, பத்தாண்டில் யாருடையது என்று தெரியாத குரலாகிவிடும்.

விலையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2022-இல் டொலருக்கு எதிராக ரூபாய் சரிந்தபோது இறக்குமதிக் கருவிகளின் விலை பலருடைய எண்ணத்தையே முறித்தது. நல்ல மொனிட்டர் ஜோடி ஒன்று கொழுந்து பறிக்கும் தாயின் சில மாதக் கூலிக்குச் சமம். அந்தக் கூலியை மதிக்கத் தெரிந்தவர் முதலில் ஓர் இன்டர்பேஸும் உறுதியான டைனமிக் ஒலிவாங்கியும் ஹெட்போனும் வாங்கட்டும். மொனிட்டர் பிறகு வரலாம். பழைய பொருளும் பழுதில்லை. ஒரு தோட்டத்து இளைஞர்கள் கூடி ஒரு தொகுதி வாங்கி, வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ பொதுவில் வைத்துக்கொள்வது இன்னும் சிறப்பு. காமன் கூத்து தனியொருவரின் சொத்தாக இருந்ததில்லை. அதைப் பதியும் கருவியும் அப்படியே இருக்கலாம்.

ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துக் கருவியே இறுதியானது என்று நம்பியிருக்கிறது. ஊதுகுழலின் காலத்தவரும் அப்படி நம்பினார்கள், கெசட்டின் காலத்தவரும் நம்பினார்கள். அடுத்த ஆண்டின் புதிய மாதிரி இந்த ஆண்டின் தேர்வைப் பழையதாக்கும். அதனால் கவலைப்பட ஒன்றுமில்லை. கருவிகள் மாறிக்கொண்டே இருந்தபோதும் ஒன்று மட்டும் மாறாமல் இருந்தது: எந்தக் குரல் நிலைக்க வேண்டும் என்பதை நமக்காக வேறு யாரோ முடிவு செய்தார்கள். இருநூறு ஆண்டுகளில் முதன்முறையாக அந்த முடிவு நம் வீட்டு அறைக்குள் வந்திருக்கிறது. மீனாட்சி அம்மாளுக்குக் கிடைக்காத கருவி இன்று பொல்பிட்டியப் பிள்ளையின் மேசையில் இருக்கிறது. அதில் தன் சொந்தப் பாட்டைப் பதிவதும் பெருமைக்குரியதே. அதற்குக் காலம் இருக்கிறது. முதியவர்களுக்கு அவ்வளவு காலம் இல்லை. ஆகவே இதைப் படிக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எந்தப் பெட்டி வாங்கினாலும் வாங்குங்கள், ஆனால் வரும் மாசிக்குள் உங்கள் தோட்டத்தில் தாலாட்டோ ஒப்பாரியோ கூத்துப் பாட்டோ முழுமையாகப் பாடத் தெரிந்த மூத்தவர் ஒருவரைத் தேடிப் போய், அவருடைய அனுமதியோடு முதல் பதிவை அவர் குரலில் செய்யுங்கள்.